ஹேமஷ்ரியின் இரண்டு எண்கள்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம். லோகேஸ்வரி டீச்சர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை கூடிக்கொண்டிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைகள் தண்ணீருக்குள் அசைவதுபோல் அசைந்தன.

ஹேமஷ்ரி தராசில் ஏறி, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தாள்.

"ஏன்டி அப்படி நிக்கிற?"

"மூச்சப் புடிச்சா கனமாயிருவேன் டீச்சர். ஒல்லின்னு எழுதுனா அம்மாவுக்கு வெக்கம்."

அம்மாவுக்குக் கையுறை ஃபேக்டரியில் இரண்டு ஷிப்ட் வேலை. பிள்ளை பதினெட்டரைக் கிலோ. கொஞ்சம் காற்றடித்தால் ஜன்னல் வழியாக மிதந்து, துறைமுகத்துக் கப்பல்களுக்கு மேலே போய்விடுவாள் என்று டீச்சருக்குத் தோன்றியது.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பழைய பி.எம்.ஐ. கணக்கில் அவள் மெலிந்த பிள்ளை. தினமும் பள்ளியில் இலவசச் சாப்பாடு உண்டு. உயரத்தை வேறு விதமாக எடுத்துக்கொள்ளும் புதிய கணக்கில் அவள் எண் ஏறியது; மெலிந்தவள் இல்லை என்றாகும், சாப்பாடும் இல்லை.

பக்கத்து வகுப்பு லோகன் சார் எட்டிப் பார்த்தார். "புதுசையே போடுங்க லா. ஒல்லிப் பிள்ளையே இல்லாத ஸ்கூல்னு பேரு வரும். அவ அம்மாவுக்கும் சந்தோஷம்."

"குள்ளமான பிள்ளைக்குப் புதுக் கணக்கு எண்ணைத் தூக்கிக் காட்டும் சார். எந்த வயசுக்கு எந்த எண் ஒல்லின்னு நம்மகிட்ட இருக்கிற அட்டவணை பழைய கணக்குக்குப் போட்டது. ரெண்டையும் கலந்தா இவளுக்குத்தான் பட்டினி."

டீச்சர் பழைய எண்ணையே எழுதினார். ஹேமஷ்ரியின் கண் கலங்கியது.

"அம்மாகிட்ட என்ன சொல்றது டீச்சர்?"

"சாப்பாட்டுக்கு செலக்ட் ஆயிட்டேன்னு சொல்லு."

"வேற யாரு செலக்ட் ஆனது?"

"இதுவரைக்கும் நீ மட்டுந்தான்."

ஹேமஷ்ரி தராசைவிட்டு இறங்கி, வரிசையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்து போனாள்.