இன்னொரு தாள்

மகளுக்கு எட்டு வயது. பேச ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டாள். பள்ளி வாசலில் வாய் திறந்தால் வீட்டு வாசல் வரை ஓயாது. செருப்பைக் கழற்றும்போதும் ஓயாது, வாயில் சோறு இருக்கும்போதும் ஓயாது. ரேடியோ என்று அப்பா பெயர் வைத்திருந்தார். ஆனால் அந்த ரேடியோவின் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்துப் பாருங்கள். கரண்டு போன மாதிரி ஆகிவிடும். மூன்று வரி எழுதுவாள். நான்காவது வரிக்கு ஜன்னலைப் பார்ப்பாள், பென்சிலைக் கடிப்பாள், பாத்ரூம் போக வேண்டும் என்பாள்.

வகுப்பு ஆசிரியை ஒருநாள் அம்மாவை வரச்சொல்லி அனுப்பினார். குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க அம்மா உட்கார்ந்ததும், இரண்டு நோட்டுகளை விரித்து வைத்தார்.

"இது வீட்ல எழுதினது. இது என் கண்ணு முன்னாடி எழுதினது. ரெண்டையும் நீங்களே படிங்க."

வீட்டு நோட்டில், 'மழையின் வருகையால் மாந்தர் உள்ளம் மகிழ்ச்சியில் திளைக்கிறது' என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம். வகுப்பு நோட்டில், 'மழை பெய்தது. குடை எடுத்தேன். வீட்டுக்கு வந்தேன்.'

"மாந்தர்னா யாருடின்னு கேட்டேன்," என்றார் ஆசிரியை. "எங்க தெருக்கோடியில இருக்கிற மாமா, மிஸ்ங்கறா."

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சுட்டது. அந்தப் பக்கத்தை அவள்தான் சொல்லச் சொல்ல மகள் எழுதியிருந்தாள்.

"அடுத்த மாசக் கடைசியில எழுத்துத் தேர்வு இருக்கு. கடிதம், விவரிப்பு, செய்முறை, கதைன்னு நாலு வகை குடுப்போம். ஏதாவது ரெண்டு எழுதணும். ஒவ்வொண்ணும் ஒரு பக்கமாவது தேறணும். தேறலைன்னா..." ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுபடியும் மூணாம் வகுப்புதான். பிள்ளைக்கு மூளை இல்லாம இல்லைம்மா. யாரோ அவளுக்குப் பதிலா எழுதிட்டே இருக்காங்க. அதான் தொந்தரவு."

யாரோ. அந்த ஒரு வார்த்தையில் அவர் காட்டிய மரியாதைதான் அம்மாவை அதிகம் குத்தியது.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாள். ஏன் அப்படிச் செய்தேன்? நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பாதிதான் உண்மை. மகள் எழுதிய எதைப் படித்தாலும், இதை வேறு யாராவது படித்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம்தான் அவளுக்கு முதலில் வந்தது. மகள் என்ன சொல்ல வந்தாள் என்ற எண்ணம் வந்ததே இல்லை. குழந்தையின் சொற்களைப் பார்த்துத் தான் வெட்கப்பட்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது, தன்னையே யாரோ கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது.

தெரிந்து என்ன செய்ய? அன்று மாலையும் மகளை உட்காரவைத்து, "நீயே எழுது, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள். மகள் மூன்று வரி எழுதினாள். அம்மா பல்லைக் கடித்தாள். ஒரு வாரம் இப்படியே போயிற்று.

அம்மாவுக்கு வேலை ஒரு துணி துவைக்கும் இயந்திர நிறுவனத்தின் புகார் பிரிவில். முதல் மாடி, எட்டு மேசை, எட்டுப் பேர் காதிலும் ஹெட்போன். இயந்திரம் பழுது என்று கூப்பிடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, மெக்கானிக்குக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். அவளுடைய குறிப்புகள் பார்க்க லட்சணமாக இருக்கும். யார் எப்படிப் புலம்பினாலும் சுருக்கி, துடைத்து, ஒரே வரியில் வைத்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை மெக்கானிக் படியேறி வந்தான். வயதில் சின்னவன். வழக்கமாக வாசலிலேயே "அக்கா, டீ சொல்லட்டுமா?" என்று கேட்கிறவன், அன்று கேட்கவில்லை. கையிலிருந்த குறிப்பை மேசைமேல் வைத்தான்.

"அக்கா, 'இயந்திரத்தில் இயல்புக்கு மாறான ஒலி.' இதை எழுதினது நீங்கதானே?"

"ஆமா. ஏன்?"

"இதை நம்பி மொத்த டிரம்மையும் கழட்டிப் போட்டேன். ரெண்டு மணி நேரம். ஒரு இழவும் கிடைக்கல. அப்புறம் அந்தப் பெரியம்மா சொல்றாங்க, 'ஏன் தம்பி, நான் போன்லயே சொன்னேனே. தண்ணி வெளிய போய் முடியறப்ப, ஜூஸ் தீர்ந்த டம்ளர்ல ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி சத்தம் வருதுன்னு.' சொன்னாங்களா இல்லியா?"

சொன்னார்கள். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது சிரிப்பைக்கூட அடக்கிக்கொண்டாள்.

"அதை அப்படியே எழுதியிருந்தா, தண்ணி போற குழாய்ல அடைப்புன்னு வண்டியை விட்டு இறங்கும்போதே தெரிஞ்சிருக்கும். பத்து நிமிஷ வேலை. ஒரு சட்டைப் பொத்தான், அக்கா! அவங்க சொன்னதை எழுதுங்க. நீங்க அதுக்குப் பவுடர் போட்டு விடாதீங்க."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அடுத்த அழைப்பு மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

எத்தனை பேரின் பேச்சுக்கு இப்படிப் பவுடர் போட்டிருக்கிறோம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அந்த வரிசையின் கடைசியில் இரட்டைச் சடையும் கடித்த பென்சிலுமாக ஒரு முகம் நின்றது.

அன்று சாயங்காலம், இதுவரை தான் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த கட்டுரை வழிகாட்டிப் புத்தகத்தை அலமாரியின் உச்சியில் தூக்கிப் போட்டாள். மகளுக்கு எதிரே உட்கார்ந்து, காதில் இல்லாத ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள்.

"வணக்கம், சேவை மையம். சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?"

மகள் பேந்தப் பேந்த விழித்தாள். பிறகு கண்ணில் வெளிச்சம் வந்தது.

"அலமாரிக் கதவு சரியில்லைங்க."

"எழுதிக் குடுங்க மேடம். எங்க மெக்கானிக் பேப்பர்ல என்ன இருக்கோ அதை மட்டும்தான் செய்வார். ரொம்ப மக்கு."

"யாரு மக்கு?" என்று உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து, விரல் இடுக்கில் ஒட்டிய நீலத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகள் எழுதினாள். 'அலமாரிக் கதவு மூடவில்லை. சரி செய்யவும்.' அப்பா காகிதத்தை வாங்கினார், சுத்தியலை எடுத்தார், நேரே சமையலறைக்குப் போய் அங்கிருந்த அலமாரியின் கீலை அடிக்க ஆரம்பித்தார்.

"அப்பா! அது இல்லப்பா! என் துணி வைக்கிறது!"

"பேப்பர்ல அப்படி ஒண்ணும் இல்லியே."

"உங்களுக்குத் தெரியாதா?"

"மெக்கானிக்குக்கு எப்படிம்மா தெரியும்? நான் இந்த வீட்டுக்கே புதுசு."

மகளுக்குக் கோபம் பொங்கியது. நோட்டைப் பிடுங்கி, நின்றபடியே எழுதினாள். எந்த அறை, எந்தக் கதவு, எவ்வளவு தூரம் வரை மூடுகிறது, அதற்குமேல் தள்ளினால் எப்படித் திரும்பி வந்து நெற்றியில் இடிக்கிறது, நேற்று எந்த இடத்தில் இடித்தது. அரைப் பக்கம். முடித்துவிட்டுத்தான் தான் எழுதியதை அவளே பார்த்தாள்.

அதன்பின் வீட்டில் எதற்கும் காகிதம்தான். அடுத்த வாரம் அம்மாவுக்கு அதிகாலை ஷிப்ட். சடை பின்னுவது அப்பா பொறுப்பு. செய்முறையை மகள் எழுதிவைக்க வேண்டும். 'முடியை மூன்றாகப் பிரிக்கவும். மாற்றி மாற்றிப் போடவும். ரிப்பன் கட்டவும்.' அப்பா எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டார். எந்தப் பக்கத்து முடி என்று எழுதவில்லையாம்; முன்நெற்றியில் விழுந்ததை எடுத்துப் பின்னி, மூக்குக்கு நேரே ரிப்பன் கட்டி அனுப்பினார். வாசல் தாண்டுவதற்குள் மகள் அவிழ்த்துவிட்டாள் என்றாலும், மாடி வீட்டு மாமா பார்த்துவிட்டார். "என்ன ரேடியோ, ஏரியல் முன்பக்கம் வந்திருக்கு?"

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பதினான்கு படிகள் கொண்ட செய்முறை தயாராகிவிட்டது. ஒன்பதாவது படி: 'இழுக்கும்போது நான் ஆ என்று கத்தினால் கொஞ்சம் தளர்த்தவும். சும்மா கத்தினால் தளர்த்த வேண்டாம். வித்தியாசம் முகத்தில் தெரியும்.'

மாடி வீட்டு மாமாவுக்கும் ஒரு கடிதம் போயிற்று, ஏரியல் என்று சொன்னதைக் கண்டித்து. அவர் பதில் எழுதினார். இவள் பதிலுக்குப் பதில் எழுதினாள்.

எல்லாம் நேராகவே போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் எழுதிய கதையில், பூனை 'கெட்டுப்போன பிரெட் மாதிரி' நாறியது என்று இருந்தது. அம்மாவின் கை தன்னையறியாமல் பேனாவை எடுத்தது. அதை அடித்து 'துர்நாற்றம் வீசியது' என்று மேலே எழுதியது. மகள் பென்சிலை டப்பாவில் போட்டு மூடினாள். இரண்டு நாள், மறுபடியும் மூன்றே வரி.

தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லை. மூன்றாவது நாள் மகளின் முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்றே?"

"இந்தக் கை ரெண்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. அதான் மேல உக்காந்துட்டேன். பூனையை அழிச்சது தப்பு. இனிமே நான் கேள்வி மட்டும்தான் கேப்பேன்."

மகள் யோசித்தாள். "கால்ல பேனா பிடிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"சரி, கேளு."

"அந்தப் பூனை கெட்டுப்போன பிரெட்டா, கருகின பிரெட்டா?"

"கெட்டுப்போனது. பச்சையா பூசணம் பூத்திருக்குமே, அது!" என்று மகள் டப்பாவைத் திறந்தாள்.

தேர்வு நாளன்று அம்மா அலுவலகத்தில் ஐந்து குறிப்புகளைத் தப்பாக அனுப்பினாள். அப்பா ஒரு சிவப்புக் காரின் கதவுக்கு வெள்ளை அடிக்கப் போய்க் கடைசி நிமிடத்தில் நிறுத்தினாராம். மகள் வீடு வந்து, "எழுதினேன்," என்றாள். "எவ்வளவு?" என்று கேட்டதற்கு, "பசிக்குது," என்றாள்.

முடிவு சொல்ல ஆசிரியை பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார். அப்பா பட்டறையில் அரை நாள் கேட்டு வந்திருந்தார். அதே குட்டி பெஞ்ச். இருவரும் முழங்காலை மடக்கிக்கொண்டு, தாங்களே தேர்வு எழுதியவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல ஒண்ணு கேக்கணும்," என்றார் ஆசிரியை. "வீட்ல நீங்க எவ்வளவு எழுதிக் குடுத்தீங்க?"

"ஒரு எழுத்துகூட இல்லை, டீச்சர்." தன் குரல் இவ்வளவு நிமிர்ந்து நிற்கும் என்று அம்மாவுக்கே தெரியாது.

"தெரியும். உங்க வாயால கேக்கணும்னு தோணுச்சு." ஆசிரியை சிரித்தார். "கதை எழுதி முடிச்சா. கடிதம் பாதியில எழுந்து நின்னு, 'மிஸ், இன்னொரு தாள் வேணும்'னா. மூணாம் வகுப்புல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. என்கிட்ட கூடுதல் தாளே இல்ல. அஞ்சாம் வகுப்புக்கு ஓடிப் போய் வாங்கிட்டு வந்தேன்."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். அம்மா தாளை வாங்கினாள். பள்ளியில் மாற்ற வேண்டிய ஒன்றைப் பற்றித் தலைமையாசிரியருக்குக் கடிதம்.

'மூன்றாம் வகுப்புக்கு வெளியே மூன்று குழாய்கள் இருக்கின்றன. நடுவில் இருப்பதைத் திறந்தால் தண்ணீர் வராது. கொர்ர் என்று மட்டும் சொல்லும். ஐந்து எண்ணும் வரை சும்மா இருக்கும். ஆறு எண்ணும்போது எல்லாத் தண்ணீரும் சேர்ந்து மூக்குக்குள் வரும். பக்கத்துக் குழாயையும் யாராவது திறந்திருந்தால் இப்படி வராது. நான் நான்கு நாள் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு வரை எண்ணக் காத்திருக்கத் தெரியாது. குனிந்து உள்ளே பார்க்கிறார்கள். அப்புறம் பயந்துபோய் தண்ணீரே குடிப்பதில்லை. அவர்களால் இதை எழுத முடியாது. அதனால் நான் எழுதுகிறேன்...'

'அதனால் நான் எழுதுகிறேன்' என்ற வரியை அம்மா இரண்டாம் முறை படித்தாள். தாளில் இருந்த ஒரு சொல்லையும் அவள் தொட்டதில்லை. தொட்டிருந்தால் இது இருந்திருக்காது. வெற்றி என்றால் தலைக்கு மேலே கையை உயர்த்திக் கத்தத் தோன்றும் என்று நினைத்திருந்தாள். தாளைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்காரத்தான் தோன்றியது.

"ரெண்டுமே ஒரு பக்கத்துக்கு மேல. நாலாம் வகுப்பு," என்று ஆசிரியை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். "இன்னொரு விஷயம். தலைமையாசிரியர் இந்தக் கடிதத்தோட நகலைப் பிளம்பர் கையில குடுத்துட்டார். வெளிய போய்ப் பாருங்க."

வகுப்பு வாசலில் காத்திருந்த மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். குழாயடியில் பிளம்பர் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கடிதம் அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதை எழுதின இன்ஜினியர் யாருங்க?"

அப்பா மகளை முன்னே தள்ளினார். பிளம்பர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்து குழாயை மாத்திட்டுப் போனேன், பாப்பா. 'குழாய் பழுது'ன்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. பக்கத்துக் குழாயைத் திறந்தா சரியாகுதுன்னு நீ எழுதினே பாரு, அந்த ஒரு வரி போதும். குழாயைத் தொடவே இல்ல. சுவருக்குப் பின்னாடி பைப்புல காத்து சேந்திருந்துச்சு. அதை வெளியேத்திட்டேன்."

மகள் நடுக்குழாயைத் திறந்தாள். கம்பி மாதிரி நேராக விழுந்தது தண்ணீர்.

அதற்குள் பிள்ளைகள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "எங்க பெஞ்சு ஆடுது, அதையும் எழுதுடி." "ஊஞ்சல்ல ஒரு பக்கம் சங்கிலி கடிக்குது, எழுதறியா?" "எனக்கு முதல்ல!"

"நான் ஏன் எழுதணும்? உங்க பெஞ்சை நீங்களே எழுதுங்க," என்றாள் மகள். பையைத் திறந்து நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு படிக்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதலில் நின்றவளைப் பார்த்தாள். "எந்தப் பக்கம் ஆடுது? உக்காரும்போதா, எழுந்திருக்கும்போதா?"

"நேரமாச்சு, உனக்கு ஷிப்ட் இருக்கே," என்றார் அப்பா மெதுவாக.

"இருக்கட்டுங்க," என்றாள் அம்மா. தன் பையையும் மகளின் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, குழாயடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.