டெஸ்ஸாவுக்கு ஓர் இடம்

எங்கள் ஸ்கெல்பியில் கால் ஒடிந்து கிடப்பவனிடம் போய் "எப்படி இருக்கே?" என்று கேட்டாலும் "பரவாயில்ல, குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். கடலோரத்து ஆட்கள் நாங்கள். வெளியாளிடம் கஷ்டத்தைச் சொல்வது தெருவில் துணி அவிழ்ப்பதைப் போல எங்களுக்கு. இந்தப் பழக்கத்தால்தான் என் மகள் டெஸ்ஸாவுக்கு முதல் தடவை பள்ளிக்கூட இடம் கிடைக்காமல் போயிற்று.

டெஸ்ஸாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு உண்டு, ஆனால் சொந்தப் பேச்சு குறைவு. எங்கேயோ கேட்ட வாக்கியத்தை, கேட்ட குரலிலேயே, தனக்குத் தேவையான இடத்தில் எடுத்துப் போடுவாள். தட்டில் பட்டாணி வைத்துவிட்டால், சூப்பர் மார்க்கெட்டில் நாமே பில் போடும் இயந்திரம் பேசுமே, அந்தப் பெண் குரலில், "பையில் எதிர்பாராத பொருள் உள்ளது" என்பாள். கோபம் வரப்போகிறது என்றால் வானொலியின் கடல் வானிலை அறிக்கை வரும். "வடகிழக்குக் காற்று. கடுமை அதிகரிக்கும்." அதைக் கேட்டதும் நான் கண்ணாடிச் சாமான்களை எடுத்து மேலே வைத்துவிடுவேன். எங்கள் இருவருக்கும் அது போதுமான பாஷையாக இருந்தது.

ஊர்ப் பள்ளிக்குத்தான் போதவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு டீச்சர் என்ன செய்வாள்? டெஸ்ஸாவை வகுப்புக்கு வெளியே கோட் மாட்டும் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பிறகு போன் வர ஆரம்பித்தது. "இன்னிக்குக் கொஞ்சம் சிரமமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போயிடறீங்களா?" நான் மீன் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவைதான் கத்தியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவது? வேலை போயிற்று. அதன் பிறகு பள்ளியும் "வேற ஏற்பாடு ஆகற வரைக்கும் வீட்டுல இருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டது. டெஸ்ஸாவின் அம்மா லீட்ஸில் வேறு குடும்பத்தோடு இருக்கிறாள். பிறந்த நாளைக்குப் போன் செய்வாள்.

வேறு ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது கவுன்சில், எங்கள் வட்டார நிர்வாகம். அங்கிருந்து ஓர் உளவியல் நிபுணர் வீட்டுக்கு வந்தார். வருகிறார் என்றதும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். திரைச்சீலையைத் துவைத்தேன். டெஸ்ஸா கடித்துப் பிய்த்த சோபாக் கைப்பிடியை ஒரு போர்வையால் மூடினேன். நல்ல பிஸ்கட்டாகப் பார்த்து வாங்கி வைத்தேன். டெஸ்ஸாவும் என்னைக் காட்டிக் கொடுத்தாள்: அன்று பார்த்து ஜன்னலோரம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எப்படிச் சமாளிக்கறீங்க, டீன்?" என்று கேட்டார்.

"பரவாயில்லங்க. ஏதோ ஓடுது."

கவுன்சிலின் முடிவு வந்தபோது அதில் என்னால் மறக்க முடியாத வரி ஒன்று இருந்தது. தந்தை சமாளித்து வருவதாகத் தெரிவித்தார். ஆகவே சிறப்புப் பள்ளி தேவையில்லை. ஊர்ப் பள்ளியே போதும்.

ட்ரூடியைப் பார்க்கப் போனது அப்புறம்தான். தேவாலயக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கூடுவார்கள். எல்லாரும் பெண்கள். நான் ஒருவன்தான் ஆண். உட்கார இடம் கொடுத்தார்கள், பேசத்தான் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ட்ரூடிக்கு அறுபது வயதிருக்கும். தன் மகனுக்காகக் கவுன்சிலோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள். மகன் வளர்ந்துவிட்டான், சண்டை மட்டும் அவளை விடவில்லை. அடுத்தவர்களுக்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மா கேட்டதுக்கு நீ என்ன சொன்னே?" என்றாள்.

"பரவாயில்லன்னு சொன்னேன்."

கூடமே சிரித்தது. ஒருத்திக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவள் முதுகில் தட்டினாள்.

"அடப்பாவி மனுஷா," என்றாள் ட்ரூடி. "வீட்டையும் கூட்டிப் பெருக்கி வச்சிருப்பியே?"

"திரைச்சீலைகூடத் துவைச்சேன்."

"போச்சு! கேளு ராசா. இந்த ஆட்டத்துக்கு ஒரே விதிதான். உன் பொண்ணோட ரொம்ப மோசமான நாள் எதுவோ அதை மட்டும்தான் வாயில எடுக்கணும். நல்ல நாள்னு ஒண்ணு அவளுக்கு இருக்கறதாவே காட்டிக்காதே. சிரிச்சா, பாடினா, உன் கையைப் புடிச்சுக்கிட்டு நடந்தா, அதெல்லாம் உன் மனசோட வச்சுக்கோ. ஒரு நல்ல வார்த்தை விட்டேன்னு வை, அவங்க வக்கீல் அதைப் புடிச்சுக்கிட்டே மேல ஏறிடுவான்."

"அவளைப் பத்திக் கெட்டதாவே சொல்லச் சொல்றீங்களா?"

"கெட்டதா? உண்மையைச் சொல்லச் சொல்றேன். பாதி உண்மையை. இடம் கிடைச்சப்புறம் மீதியைச் சொல்லிக்கோ. யார் வேணாங்கறா?"

நாங்கள் கேட்ட இடம் மலையடிவாரத்தில் இருக்கும் ஓர்ம்தார்ப் சிறப்புப் பள்ளியில். வண்டியில் போனால் ஒரு காலைப்பொழுது ஆகும் தொலைவு. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்க வேண்டும். அருகில் எதுவும் இல்லையா என்று கேட்காதீர்கள், இருந்தால் நான் ஏன் மலையடிவாரத்துக்குப் போகிறேன்? தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தோம். விசாரணைத் தேதி வரக் குளிர்காலம் முழுவதும் ஆயிற்று.

அந்தக் குளிர்காலத்தைப் போல ஒன்று எனக்கு இனி வேண்டாம். நானும் டெஸ்ஸாவும், வேறு ஆள் கிடையாது. காலையில் கடற்கரை நடைபாதையில் நடப்போம். கடைகள் எல்லாம் சீசன் முடிந்து பலகை அடித்துக் கிடக்கும். பழைய ஆலை நண்பர்கள் எதிரே வந்தால் "எப்படி இருக்கே டீன்?" என்பார்கள், பதிலுக்கு நிற்காமல் போவார்கள். மத்தியானம் டெஸ்ஸா மேலே தன் அறைக்குப் போனதும் ட்ரூடி போன் செய்வாள். விசாரணையில் சொல்ல வேண்டியதைச் சமையலறையில் நின்றுகொண்டு நான் ஒப்பிப்பேன். அவள் கவுன்சில் வக்கீலாக நடித்துக் குறுக்குக் கேள்வி கேட்பாள். முதலில் நாக்கு புரளவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படிப் பேச யாருக்கு நாக்கு புரளும்? பிறகு பழகியது. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே வந்தது.

"'நான் செத்துட்டா'ன்னு வருதே, அதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்து," என்பாள் ட்ரூடி. "தொண்டை அடைச்சா அடைக்கட்டும். அடக்காதே. நம்ம ஊர் வீராப்பெல்லாம் அங்க வேலைக்காகாது."

விசாரணை கம்ப்யூட்டர் திரையில்தான் நடந்தது. டெஸ்ஸாவை ட்ரூடி தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாள். சமையலறை மேசையில் நான் தனியாக, திரையில் நீதிபதியும் இரண்டு உறுப்பினர்களும். கவுன்சில் வக்கீல் சின்னப் பையன், மரியாதையானவன்.

"போன வருஷம் நீங்களே சமாளிக்கறதா சொல்லியிருக்கீங்களே, ஐயா?" என்றான்.

"எங்க ஊர்ல வீடு பத்தி எரிஞ்சாலும் அப்படித்தான் தம்பி சொல்லுவோம்."

நீதிபதி அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். "அப்போ உண்மையில எப்படின்னு இப்போ சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். டெஸ்ஸா கடிப்பாள் என்றேன். என்னைக் கடிப்பாள், ஆள் கிடைக்காவிட்டால் தன்னையே கடித்துக்கொள்வாள். இரவில் தூங்க மாட்டாள். வாசல் கதவு திறந்திருந்தால் கடலைப் பார்த்து ஓடிவிடுவாள். அவளோடு விளையாட எந்தப் பிள்ளையும் வந்ததில்லை. அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட முடியாது. கொஞ்சம் நிறுத்தினேன். தொண்டை தானாகவே அடைத்தது. நான் செத்துவிட்டால் அவளை வைத்துக்கொள்ள இந்த உலகத்தில் யாரும் இல்லை என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஜெயித்தோம். கடிதம் வந்த அன்று ட்ரூடி கேக் கொண்டுவந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. ஐந்து நாள் டெஸ்ஸா இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்ற நினைப்பு அதற்குள் வந்துவிட்டது. வேண்டும் என்று போராடியவன் நான், அதை யாரிடம் போய்ச் சொல்வது?

முதல் திங்கட்கிழமை அவளை நானே கொண்டுபோய் விட்டேன். ஓர்ம்தார்ப் பள்ளி நான் பயந்ததைப் போல இல்லை. பெரிய பழைய வீடு, டோஸ்ட் வாசனை, தாழ்வாரத்தில் சேற்றுக் காலணிகள். ஒரு பையன் எங்களைப் பார்த்துக் கை தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். தலைமை ஆசிரியை ப்ரோனா எங்களைச் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார். என்னை விட்டுவிட்டு டெஸ்ஸாவிடம்தான் முதலில் பேசினார்.

"வா கண்ணு. உன்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லேன். டெஸ்ஸா எப்படிப்பட்ட பொண்ணு?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பதில் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். டெஸ்ஸா டோஸ்டைக் கீழே வைத்தாள்.

"டெஸ்ஸா கடிப்பா," என்றாள். என் குரல். அச்சு அசலாக என் குரல். "என்னைக் கடிப்பா, ஆள் கிடைக்கலன்னா தன்னையே கடிச்சுக்குவா. ராத்திரியில தூங்க மாட்டா. அவளோட விளையாட எந்தப் பிள்ளையும் வந்ததில்ல. அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியா விட முடியாது."

அந்த இடத்தில் நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள்.

"நான் செத்துட்டா அவளை வச்சுக்க இந்த உலகத்துல யாருமே இல்ல."

பிறகு டோஸ்டை எடுத்துச் சாப்பிட்டாள். முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னாள். என்னால்தான் உட்கார முடியவில்லை. மாடிப்படியிலிருந்து கேட்டிருப்பாளா, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பாளா? குளிர்காலம் முழுவதும் கேட்டிருக்கிறாள். வீட்டில் வேறு பேச்சே இல்லையே, வேறு எதைக் கேட்பாள்?

ப்ரோனா என் பக்கம் திரும்பினார்.

"மனசு விட்டுடாதீங்க டீன். இங்க பேச்சோட வர்ற பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல இதையேதான் சொல்லிட்டு வருதுங்க. எங்களுக்குப் பழகிப்போச்சு."

"அப்படிச் சொன்னாத்தாங்க இடமே தர்றாங்க."

"தெரியும். உங்களைச் சொல்லல நான்." கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "இடம்தான் கிடைச்சாச்சே. இப்போ வேற ஏதாவது சொல்லுங்க. அவளுக்கு எது புடிக்கும், எதுக்குச் சிரிப்பா? எங்களுக்கு அதுதான் வேணும்."

வாயைத் திறந்தேன். கடிப்பாள், தூங்க மாட்டாள், ஓடிவிடுவாள். வரிசையாக அவைதான் நாக்கு நுனியில் நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு உள்ளே தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவள் காத்திருந்தாள் என்று சத்தியம் செய்வேன்.

"பரவாயில்ல," என்றார் ப்ரோனா. "வெள்ளிக்கிழமை வரும்போது சொல்லுங்க."

வீடு வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றேன். அப்போது வந்தது பாருங்கள், மடை திறந்த மாதிரி. மழை வரும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும், என் தொப்பியை எடுத்து வந்து கொடுப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் போர்வையைக் கொண்டுவந்து என் மேல் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே தரையில் படுத்திருந்தாள். அந்தச் சூப்பர் மார்க்கெட் குரலை அவள் எடுக்கும்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள், நான் சிரிக்கிறேனா என்று. வேடிக்கை செய்யத் தெரிந்தவள் என் டெஸ்ஸா. நல்ல பெண். அவள் இருந்தால் வீடு நிறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன், எங்கேயும் நிறுத்தாமல். சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டு மனப்பாடம் செய்துகொள்ள மாடியில் யாரும் இல்லை.