வெள்ளைக் கட்டங்கள்

மக்கள்தொகைக் கணக்கு அலுவலகத்தில் அவளைக் கட்டக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாட்டைக் கிலோமீட்டருக்கு ஒரு சதுரமாக வகுத்து, எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று நிறம் தீட்டுவது அவள் வேலை. கூட்டம் கூடக்கூட நிறம் கறுக்கும். மூன்று கணக்கெடுப்பின் படங்களை அடுத்தடுத்து விரித்தால், மலையடிவாரம் வெளுத்துக்கொண்டே வருவதும் நெடுஞ்சாலையோரம் கறுத்துக்கொண்டே போவதும் பளிச்சென்று தெரியும். சனம் பெட்டி படுக்கை கட்டுவதை நாற்காலியை விட்டு எழாமலே பார்க்கிறவள் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

அங்கே ஒரு விதியை மட்டும் மீறக்கூடாது. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள கட்டத்தை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். மூன்று பேர், அதில் ஒருத்தி விதவை என்று அச்சில் வந்தால் அது யார் வீடென்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா? வேலைக்குச் சேரும் அன்றே, சின்ன எண்களை வெளியே விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மீறினால் சிறை. படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் போடுவார்கள்: வெள்ளை என்றால் பூச்சியம் முதல் ஒன்பது பேர் வரை.

அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு அணைப் பொறியாளர் தொலைபேசியில் வந்தார். நான்கு நாள் மழையில் நீர்த்தேக்கம் விளிம்பைத் தொட்டு நின்றது.

“ரொம்ப நன்றிம்மா. உங்க படம் மட்டும் இல்லேன்னா முழி பிதுங்கியிருக்கும். ஒரு மணிக்குக் கிழக்குப் பள்ளத்துல திறந்து விடுறோம். பதினோரு கட்டமும் வெள்ளை. ஈ காக்கா கிடையாது.”

“சார், படத்துக்கு அடியில ஒரு வரி இருக்குமே, படிச்சீங்களா?”

“எந்த வரி? கட்டம் முடிஞ்ச உடனே மரச்சட்டம்தானே இருக்கு.”

அந்தச் சட்டத்தில் அடங்க வேண்டுமென்று கீழ் ஓரத்தை நறுக்கியது யார்? அவளேதான். பெரிய மனிதர் அறைச் சுவரில் மாட்டப்போகிறார், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அளவுகோல் பிடித்து நேராக நறுக்கினாள். பதினெட்டு வருடமாக எல்லாப் படத்திலும் இருக்கிற வரி, அவள் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. பாவி, அதையும் சேர்த்து வெட்டிவிட்டாள்.

அந்தப் பதினொன்றில் ஒரு கட்டத்தில்தான் அவள் தங்கை, புருஷனோடும் மகளோடும் வாத்து வளர்க்கிறாள்.

“வெள்ளைன்னா காலின்னு அர்த்தம் இல்ல சார். ஆள் இருக்காங்க. நிறுத்துங்க.”

அவர் குரல் தணிந்து வந்தது. “நிறுத்த முடியாதும்மா. கரை தாங்காது. மேற்கே விட்டா நாப்பதாயிரம் பேர், அதுவும் உங்க படந்தான் சொல்லுது. ரெண்டு மணி வரைக்கும் பிடிச்சுப் பாக்குறேன். கையில ரெண்டு ஜீப் இருக்கு. எங்க, எத்தனை பேருன்னு சொல்லுங்க.”

சின்ன எண்கள் கண்காணிப்பாளரின் இரும்பு அலமாரியில் இருந்தன. ஓய்வு பெற இரண்டு மாதமே மிச்சமுள்ள மனிதர். சேதியைக் கேட்டதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

“நாம கையெழுத்துப் போட்டிருக்கோம்மா.”

“அவங்க நல்லதுக்குத்தானே சார் போட்டோம்?”

“கோர்ட்ல போய் இதைச் சொல்லு, கை தட்டுவாங்க.” சாவியைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரே போய் அலமாரியைத் திறந்தார். “நீ எடுத்தேன்னு நேரத்தோட எழுதி வைப்பேன். பொய் எழுத எனக்கு வராது.”

“எழுதிக்கோங்க சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

ஐந்து கட்டங்கள் நிஜமாகவே காலி. மற்ற ஆறில் ஒன்பது, எட்டு, ஏழு, நான்கு, மூன்று, இரண்டு. முதல் நான்கும் வண்டித்தடத்தை ஒட்டியவை. மூன்றும் இரண்டும் பள்ளத்தின் கடைக்கோடியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். அங்கே ஒரு ஜீப்பை அனுப்பினால் எட்டையும் ஏழையும் கைவிட வேண்டும். தங்கையின் கைபேசி அணைந்து கிடந்தது. வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்துதான் சார்ஜ் போடுவாள்.

அவள் நான்கு கட்டங்களை வாசித்தாள். பொறியாளர் எழுதிக்கொண்டார்.

“மிச்சம்?”

“ரெண்டு கட்டம். அஞ்சு பேர். அது என் பொறுப்பு சார்.”

ஸ்கூட்டரில் ஐம்பது நிமிடம். பள்ளத்தின் கரைமேல் வண்டியைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி ஓடினாள். தங்கை குடிசை வாசலில் நின்று சிரித்தாள்.

“என்னக்கா, வழி தெரிஞ்சுதா? படத்துலதான் எங்க வீடே இல்லையே.”

“தண்ணி வருதுடி. ஏறுங்க, உடனே.”

அவள் குரலைக் கேட்டதுமே தங்கையின் சிரிப்பு செத்துப்போனது. உள்ளேயிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். தங்கை புருஷன், மகள், பக்கத்துக் கட்டத்துக் கிழவர், அவர் மனைவி. மழைக்குக் கூரை ஒழுகுகிறதென்று இங்கே வந்துவிட்டார்களாம். பின்னால் அவர்களுடைய மகள், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒன்றுமாக. நகரத்தில் ஆலையை மூடிவிட்டார்கள் என்று போன வாரம் திரும்பி வந்தவள்.

ஐந்தல்ல, எட்டு. கணக்கெடுத்து ஒரு வருடம் ஆகிறது. சனம் அதுவரை கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்குமா?

“அப்பாவால நடக்க முடியாதுங்க,” என்றாள் கிழவரின் மகள்.

“நான் தூக்குறேன்,” என்று குனிந்தான் தங்கை புருஷன்.

“மாப்ள, வேகமா வாங்க,” என்றாள் அவள்.

“நீங்க பிள்ளைங்களோட முன்னால போங்க அண்ணி. பின்னாலயே வர்றேன்.”

நானூறு காலடி இருக்கும் கரைக்கு. ஒவ்வொரு அடிக்கும் சேறு காலைப் பிடித்து இழுத்தது. ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றதை இழுத்துக்கொண்டு அவள் மேலே ஏறியபோது, வடக்கே லாரி சரளை கொட்டுவது போன்ற சத்தம் கேட்டது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. சொன்னதைவிட ஏழு நிமிடம் அதிகமாகப் பிடித்துப் பார்த்திருந்தார் அந்த மனிதர்.

பழுப்பு நிறத்தில் தண்ணீர் பள்ளம் முழுக்க விரிந்து வந்தது. தங்கை கரை விளிம்பில் நின்று புருஷனை அழைத்த குரல் அந்த இரைச்சலில் காதில் விழவில்லை.

கைபேசி அடித்தது. பொறியாளர். “நாலு கட்டமும் முடிஞ்சுதும்மா. இருபத்தெட்டுப் பேரையும் ஏத்தியாச்சு. அங்க எத்தனை பேர் ஏறினாங்க? நான் மேல சொல்லணும்.”

அவள் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தாள். ஆறு. விரலை மடக்கி மறுபடியும் எண்ணினாள். பதினெட்டு வருடமாக லட்சங்களைக் கூட்டியவளுக்கு அந்த ஆறு நாக்கில் வரமாட்டேன் என்றது. கீழே நீருக்கு நடுவில் கறுப்பாக ஏதோ அசைந்தது. மரமா, முதுகில் ஆளைச் சுமந்த மனிதனா என்று தெரியவில்லை.

“இருங்க சார்,” என்றாள். “இன்னும் எண்ணி முடிக்கல.”

கைபேசியைத் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரைச்சரிவில் இறங்கினாள்.