நாற்பத்து நான்கு ஒன்றுகள்

துறைத்தலைவர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்து சொன்னபோது துர்காதேவி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை. காலை நாலரைக்கு எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கல்லலில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, காரைக்குடியில் இறங்கி இன்னொரு பஸ் மாறி வருகிறவளுக்கு, நாள் முழுவதிலும் தனக்கென்று இருப்பது அந்த அரைமணி நேரம்தான். வகுப்புப் பிரதிநிதி பதவியை யாரும் மாலை போட்டு அவளுக்குக் கொடுக்கவில்லை. முதல் வருடம் முதல் நாள் முன்பெஞ்சில் போய் உட்கார்ந்த குற்றத்துக்காக வந்து ஒட்டிக்கொண்டது. சாக்பீஸ் தீர்ந்தாலும் துர்கா, மின்விசிறி நின்றாலும் துர்கா. டப்பாவை மூடி சௌபர்ணிகாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

துறைத்தலைவர் நீலாயதாட்சி மேடத்தின் மேசையில் ஒரு தாள் கிடந்தது. அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க வகுப்புக்கும் லட்சுமணன் சாருக்கும் என்னம்மா சண்டை?"

"சண்டையா? ஒண்ணுமில்லையே மேடம்."

"பெறகு எதுக்கு இப்படிப் போட்டிருக்கீக? நாப்பத்தாறு பேருல நாப்பத்தி நாலு பேரு, இருபது கேள்விக்கும் ஒண்ணு. ரெண்டே ரெண்டு பேருதான் அஞ்சு போட்டிருக்காக. சராசரி ஒண்ணு புள்ளி ஒண்ணு ஏழு. இந்த டிப்பார்ட்மென்ட்ல இதுவரைக்கும் யாருக்கும் இப்படி வந்ததில்ல."

துர்கா தாளைப் பார்த்தாள். தாளின் தலைப்பில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: ஒன்று என்றால் மிக மோசம், ஐந்து என்றால் மிக நன்று. 

போன வருடம் வரை ஆசிரியர்களை மதிப்பிடும் படிவம் தாளில், தமிழில் வரும். அதில் ஒன்றுதான் மிக நன்று. இந்த வருடம் கைப்பேசியில் வந்தது. ஆறு பாடம், பாடத்துக்கு இருபது கேள்வி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் தலைப்பை யார் படித்தார்கள்? மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் விரல் போன இடத்தில் மூன்றோ நான்கோ விழுந்து ஒப்பேறிவிட்டது. லட்சுமணன் சாருக்கு மட்டும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று துர்காதான் வகுப்புக் குழுவில் செய்தி போட்டாள். 'சாருக்கு எல்லாக் கேள்விக்கும் 1 போடுங்க. முதல் ரேங்க். இத வச்சுத்தான் அடுத்த வருசம் அவர எடுப்பாங்களாம். மறந்துராதீங்க.' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

லட்சுமணன் சார் கௌரவ விரிவுரையாளர். பதினோரு வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வேலைக்குச் சேருகிறவர். புள்ளியியல் எடுப்பார், அதுவும் மதியம் இரண்டு மணிக்கு. அவர் வகுப்பு சுவாரசியமானது என்று யாரும் சொன்னதில்லை, பொய்க்கும் ஓர் அளவு உண்டல்லவா. பலகையைப் பார்த்தபடியே பேசுவார். பின்பெஞ்சுக்கு அவர் முதுகுதான் பழக்கம். ஆனால் புரியவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால், முழுக் கணக்கையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து எழுதுவார், தமிழில் சொல்லிக்கொண்டே. மூன்றாவது தடவை கேட்டாலும் அப்படித்தான். 'இதுகூடத் தெரியாமலா காலேஜுக்கு வந்த?' என்று இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மற்ற எல்லா வாயிலிருந்தும் அதைக் கேட்டுச் சலித்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. துர்காவுக்கு அவரை உண்மையிலேயே பிடிக்கும்.

எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னாள். கைப்பேசியில் செய்தியையும் காட்டினாள். மேடம் இரண்டு தடவை படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவரல்ல, ஐந்து வகுப்பும் மூன்று கமிட்டியும் பார்த்து அலுத்தவர்.

"இது அத விட மோசம்மா. இதக் காட்டுனா அவரே ஆள் வச்சு மார்க்குப் போடச் சொன்னாருன்னு ஆயிரும். இப்ப, வர்ற வருசம் இங்க மட்டுந்தான் அவருக்கு வேலை இல்ல. பெறகு வேற எந்தக் காலேஜுலயும் வாங்கன்னு கூப்பிட மாட்டாக. அவரு பேரு இல்லாத லிஸ்ட்டும் மேல போயிருச்சு."

"அப்ப சாரு, மேடம்?"

"அவருக்கென்ன, வலையபட்டியில அம்மாம் பெரிய வீடு இருக்கு. சமாளிச்சுக்குவாரு. நீ இத வெளிய பேசாத."

அந்த வீட்டுக்கு இருபத்து மூன்று பங்காளிகள். சார் பங்குக்கு ஓர் அறையும் அதன்மேல் ஒழுகுகிற ஓடும். அது மேடத்துக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் இப்படி ஒரு பேச்சைச் சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

வகுப்புக்குத் திரும்பி, யார் ஐந்து போட்டது என்று கேட்டாள். யாரோ இரண்டு பேராவது ஒழுங்காகப் படித்திருக்கிறார்களே என்று ஒரு நப்பாசை. கடைசிப் பெஞ்சிலிருந்து முத்தரசு கையைத் தூக்கினான்.

"நாந்தேன். நானும் இந்தா இவனும். கடைசி ரேங்கு. டெஸ்ட்டுல பிட்டைப் புடிச்சு பேப்பரப் புடுங்குனாருல்ல, அதுக்கு."

நடந்ததைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போயிற்று. "ஏய், நெசமாவா? அப்ப நாங்கதேன் நல்ல மார்க்குப் போட்டோமா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

மேடம் சொன்னது நியாயம்தான். வேலை போனது போனதுதான், இனி யார் போய் என்ன சொன்னாலும் திரும்பாது. ஆனால் நாற்பத்து நான்கு பேர் தன்னை வெறுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் போய்விடுவாரே, அதை எப்படித் தாங்குவது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாரின் கடைசி வகுப்பு முடிந்ததும், வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு அவர் அறைக்குப் போனாள்.

கௌரவ விரிவுரையாளர்கள் ஆறு பேருக்குச் சேர்த்து ஒரு மேசை. அன்று சார் மட்டும் உட்கார்ந்து கடைசித் தேர்வின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளிலும் பெயர் எழுதிய மேல்மூலையை உள்பக்கமாக மடித்து வைத்துத் திருத்துவது அவர் வழக்கம். யாருடையது என்று தெரிந்தால் கை தன்னால் ஏறும் இறங்கும் என்பார். தாள்கட்டில் பாதியைத்தான் மடித்திருந்தார்.

"வாம்மா. கணக்குல சந்தேகமா?"

"இல்ல சார். அந்த ஃபீட்பேக்கு..."

"அதா? பாத்தேன். ஒண்ணு புள்ளி ஒண்ணு ஏழு." பஸ் நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னார். "நான் கொறை சொல்லலம்மா. என் க்ளாஸ் எனக்கே தூக்கம் வரும். ஆனா பாரு, ரெண்டு பேரு அஞ்சு போட்டிருக்காக. இருபது கேள்விக்கும் அஞ்சு. இந்த ஒரு வாரமா அத நெனச்சுத்தான் வந்து போயிக்கிட்டிருக்கேன். அதுல ஒண்ணு நீயின்னு நெனச்சுக்கிட்டேன்."

துர்கா ஆமா சார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த பஸ்ஸாவது கிடைத்திருக்கும். அவருக்கும் நிம்மதி, மேடத்துக்கும் நிம்மதி. ஆனால் நாற்பத்து நான்கு பேரின் பாசத்தை இப்படிக் குப்பையில் போட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் ஒண்ணு போட்டேன் சார்," என்றாள். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. பழைய படிவம், புதிய படிவம், குழுவில் போட்ட செய்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "நீங்க போயிரக் கூடாதுன்னுதேன் சார் எல்லாரும் போட்டோம். தெரியாமப் பண்ணிட்டேன். என்ன நெனச்சுக்கிட்டுப் போவீகளோன்னு..." கைப்பேசியை நீட்டினாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "முதல் ரேங்கா..." என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"நாப்பத்தி நாலு பேருமா?"

"ஆமா சார்."

"சௌபர்ணிகாவுமா? அந்தப் புள்ள தூங்கிக்கிட்டேல்ல இருக்கும்?"

"அவளுந்தேன் சார்."

வாய்விட்டுச் சிரித்தார். வேலை போகப் போவதை இருவருமே மறந்துவிட்டார்கள். துர்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் பதினோரு வருடம் இதே கணக்கைச் சொல்லிக்கொடுத்தவருக்கு மனம் சும்மா இருக்குமா? அது அடுத்த வரிக்குப் போய்விட்டது. சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப அந்த ரெண்டு அஞ்சு..."

துர்கா மேசையைப் பார்த்தாள். தாள்கட்டில் அடுத்து இருந்த தாளின் மூலை இன்னும் மடிக்கப்படாமல் இருந்தது.

"தெரியல சார்," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். தப்பான விடையை எத்தனையோ பார்த்த கண்கள். பிறகு அந்தத் தாளின் மேல்மூலையை, எழுத்து கண்ணில் படுவதற்கு முன், உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே மடித்தார். நகத்தால் அழுத்தி விட்டார். அதற்கடுத்த தாளையும் மடித்தார். எதையும் திருத்தவில்லை. கட்டின் கடைசித் தாள்வரை, ஒவ்வொன்றாக, மடித்துக்கொண்டே இருந்தார்.