சம்பந்திகளுக்கு நடுவே ஒரு சேனல்

பேச்சுவார்த்தை அறையில் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர் அவளுடைய சம்பந்தி. எல்லாத் தொல்லைக்கும் காரணம் அதுதான்.

அவள் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் தலைமைப் பொறியாளர். ஆள் நல்ல நெட்டை. போதாததற்கு வாழ்நாளெல்லாம் ஒளிபரப்பு டவர்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. அலுவலகத்தில் அவளுக்குக் 'கோபுரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காதுபடவே சொல்வார்கள், அவளும் திரும்பிப் பார்த்து, "என்ன?" என்பாள். சம்பந்தி பக்கத்து நாட்டில் செல்போன் சேவைக்கு அலைவரிசை ஒதுக்குகிற துறையின் பெரிய அதிகாரி. அவர் மகனும் இவள் மகளும் ஒரே கல்லூரியில் கால்நடை மருத்துவம் படித்தார்கள், காதலித்தார்கள், கட்டிக்கொண்டார்கள், அவர் நாட்டு எல்லையோரப் பள்ளத்தாக்கில் மாடு கன்றுகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டார்கள். கல்யாணத்தின்போது சம்பந்திகள் இருவருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பந்தியில்கூட ஆன்டெனாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த விவகாரம் வந்து சேர்ந்தது.

பள்ளத்தாக்கின் நடுவே ஓடுகிற ஆறுதான் இரண்டு நாடுகளுக்கும் எல்லை. ஆனால் அலைக்கு ஆறு தெரியுமா, எல்லை தெரியுமா? இந்தக் கரையின் மலையுச்சியிலிருந்து கோபுரத்தின் நிலையம் ஒளிபரப்பும் சேனல் இரு கரை வீடுகளிலும் கூரை ஆன்டெனா வழியாகக் காசில்லாமல் வந்து இறங்கும். இப்படி இருக்கும்போது உலக நாடுகள் எல்லாம் ஒன்றுகூடி, தொலைக்காட்சிக்கென்றே வைத்திருந்த அலைவரிசையின் மேல்பகுதியை இனிமேல் செல்போனுக்கும் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தன. மலைப்பாங்கான இடத்தில் தூரம் போகக்கூடிய, சுவரைத் துளைக்கக்கூடிய அலை அது. ஆனால் ஒரு நிபந்தனை: பக்கத்து நாடு சம்மதிக்க வேண்டும். கோபுரத்தின் சேனல் அந்த மேல்பகுதியில்தான் உட்கார்ந்திருந்தது. அவள் தலையசைக்காதவரை அக்கரையில் செல்போன் டவர் எழும்ப முடியாது.

அவள் தலையசைக்கவில்லை.

"எங்க நேயர்கள் ஒருத்தருக்குக்கூடப் படம் கெடாதுன்னு உறுதி வேணும்," என்றாள்.

"எங்க மக்களுக்கு போன் எப்ப வரும்னு எனக்கு உறுதி வேணும்," என்றார் சம்பந்தி.

"டிவி அங்க ஏற்கெனவே இருக்கு. புதுசா வர்றவங்கதான் ஒதுங்கிப் போகணும்."

"முதல்ல வந்தவங்களுக்கே எல்லாம்னா, பின்னாடி வர்றவன் எங்க போவான்?"

மூன்றாவது நாட்டிலிருந்து வந்திருந்த அவைத்தலைவர் பொறுமைசாலி. அவரே நெற்றியைத் தடவ ஆரம்பித்துவிட்டார். இது நாலாவது சுற்றுப் பேச்சு. வார்த்தைகூட மாறவில்லை.

மதிய இடைவேளையில் மகள் அழைத்தாள். மருத்துவமனையில் இருக்கும் கம்பி போனிலிருந்துதான் பேசுவாள். வேறு வழி கிடையாது.

"அம்மா, நேத்து ஒரு பசு கன்னு போட முடியாமத் தவிச்சிருக்கு. மாட்டுக்காரர் என்னைத் தேடிப் பண்ணை பண்ணையா அலைஞ்சிருக்கார். நான் போய்ச் சேர்றதுக்குள்ள கன்னு போயிடுச்சு. பசுவை மட்டும்தான் காப்பாத்த முடிஞ்சுது."

கோபுரத்துக்கு மனசு கனத்தது. ஆனால் வாய் வேறு பேசியது. "ஏண்டி, உன் மாமனாருக்காகத் தூது வர்றியா?"

"தூதெல்லாம் இல்லம்மா. நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டியா?"

போனை வைத்த பிறகும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கேட்டாள் என்று இப்போது இறங்கி வந்தால் ஊர் என்ன சொல்லும்? 'சம்பந்தி வீட்டுக்கு நாட்டுச் சேனலையே சீராகக் கொடுத்துவிட்டாள்' என்று சொல்லாதா? அந்த நினைப்பு வந்ததும் முதுகெலும்பு இன்னும் விறைத்துக்கொண்டது.

அவளோடு வந்திருந்த துணைப் பொறியாளர் எதிரே உட்கார்ந்து தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோபப்படக் கூடாது."

"கோபப்படற மாதிரி இருந்தா படுவேன். கேளு."

"எதிர்ல இருக்கறவர் உங்க சம்பந்தியா இல்லாம யாரோ மூணாம் மனுஷரா இருந்தா, என்ன கேட்டிருப்பீங்க?"

"கீழ்ச் சேனலைக் கேட்டிருப்பேன்," என்றாள் கோபுரம், யோசிக்காமல். "அவங்க நாட்டுப் பேர்ல கீழ்ப்பகுதியில ஒரு சேனல் சும்மா கிடக்கு. ஸ்டேஷனே கட்டலை. அதைக் கொடுத்தா நாம அங்க இறங்கிக்கலாம். மேல்பகுதி அவங்களுக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். துணைப் பொறியாளர் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

பிற்பகல் கூட்டம் தொடங்கியதும் கோபுரம் எழுந்து நின்றாள். உட்கார்ந்து பேசுவதுதான் அங்கே வழக்கம். அவள் எழுந்ததும் அறையே நிமிர்ந்து பார்த்தது.

"அவைத்தலைவர் அவர்களே, எதிர்ல இருக்கறவர் என் சம்பந்தி. இது இங்க எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி எல்லாரும் நடிச்சிட்டிருக்கோம்." யாரோ இருமினார்கள். "உறவுக்காக வளைஞ்சுட்டாள்னு பேர் வந்துடக் கூடாதேன்னு நான் இத்தனை நாளா இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் வேலையை நான் சரியாச் செய்யலை. சரியான கேள்வியை இப்பக் கேக்கறேன். அவங்க நாட்டுக் கீழ்ச் சேனலைக் கொடுப்பாங்களா? கொடுத்தா நாங்க இடம் மாறிக்கறோம். நான் சொல்றதை யாரும் நம்ப வேண்டாம், அவர் சொல்றதையும் நம்ப வேண்டாம். அவைத்தலைவரோட நாட்டு ஆளுங்க வந்து, படம் கெடுதா இல்லையான்னு அளந்து பார்க்கட்டும். அளவு என்ன சொல்லுதோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுவோம்."

சம்பந்தியின் முகம் சிவந்துபோயிற்று. பத்து நிமிஷம் இடைவேளை கேட்டுவிட்டு வெளியே போனார். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கோபுரம் அவரைப் பிடித்தாள்.

"என்னையும் சேர்த்து மாட்டி விட்டுட்டீங்களே சம்பந்தி!" என்றார் அவர்.

"நீங்களும் அதே பள்ளத்துலதானே விழுந்து கிடந்தீங்க?"

அவர் காப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "நிஜந்தான். ராத்திரி ஆனா உங்க சம்பந்தியம்மா என்னைத் திட்டறா. 'அந்தம்மா முன்னாடி நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்'ங்கறா. ஆனா அந்தக் கீழ்ச் சேனல் என் கையில இல்ல. எங்க நாட்டு டிவிக்காரங்ககிட்ட இருக்கு. ஸ்டேஷனும் கிடையாது, டவரும் கிடையாது. கேட்டா மட்டும் கண்ணுல விரலை விட்டு ஆட்டுவாங்க."

"வைக்கோல்போர் நாய் கதை. தானும் தின்னாது, மாட்டையும் விடாது."

"அதை அவங்ககிட்ட நீங்களே வந்து சொல்லுங்களேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவள் நிஜமாகவே போனாள். நாயை மட்டும் விட்டுவிட்டாள். மற்றபடி ஒரு டிவிக்காரி மற்ற டிவிக்காரர்களிடம் பேசுகிற பேச்சாகப் பேசினாள். "இன்னிக்கு நான் மேல இருந்து கீழ இறங்கறேன். நாளைக்கு உங்களுக்கு ஒரு சேனல் வேணும்னா, நானே கூட நின்னு கேட்டு வாங்கித் தரேன்," என்றாள். அவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், முணுமுணுத்தார்கள், கடைசியில் அந்த வாக்கை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

அதன்பின் மூன்றாவது நாட்டுக்காரர்கள் அளவுக் கருவிகளோடு வந்தார்கள். பள்ளத்தாக்கில் ஒரு தற்காலிக செல்போன் டவரை நட்டு, கீழ்ச் சேனலில் சோதனை ஒளிபரப்பை ஓடவிட்டு, வேனில் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். பெரும்பாலான வீடுகளில் படம் பளிச்சென்று இருந்தது. ஆற்றங்கரைத் தெருவில் மட்டும் செல்போன் டவரை உயிர்ப்பித்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

சம்பந்தி வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பிடுச்சு. எல்லாம் போச்சு."

"ஒண்ணும் போகலை. எழுந்திருங்க," என்றாள் கோபுரம். "இந்தத் தெரு பள்ளத்துல இருக்கு. சிக்னல் குறைவுன்னு வீட்டுக்கு வீடு பூஸ்டர் மாட்டியிருக்காங்க. பூஸ்டருக்கு டிவி எது, போன் எதுன்னு தெரியாது. வர்றது எல்லாத்தையும் வாரிப் பெருக்கிடும். முன்னாடி ஒரு ஃபில்டர் போட்டா செல்போன் அலை அங்கயே நின்னுடும். விரல் அளவு சாமான்."

"செலவு?"

"புதுசா வர்றவங்க செலவு. உங்க செல்போன் கம்பெனிங்கதான் ஏத்துக்கணும். வீட்டுக்காரங்ககிட்ட ஒரு பைசா கேக்கக் கூடாது."

"சம்பந்தியா இருந்துட்டு இப்படிக் கறாரா..." என்று ஆரம்பித்தவர், அவள் பார்வையைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். "சரி, சரி. கேட்டு வாங்கறேன்."

வாங்கினார். கையெழுத்தான அன்று அவைத்தலைவர் இருவருக்கும் கைகொடுத்து, "இனிமே நான் நிம்மதியா என் வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டார்.

சேனல் மாறுகிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பழைய சேனலை நிறுத்துகிற பொத்தானைத் துணைப் பொறியாளரிடம் ஒப்படைத்துவிட்டு கோபுரம் பள்ளத்தாக்குக்கு வந்திருந்தாள். சந்தைக் கொட்டகையில் மேஜை போட்டு, சம்பந்தியும் அவளும் அருகருகே உட்கார்ந்தார்கள். படம் போனதும் ஜனங்கள் ரிமோட்டும் கையுமாக வந்து குவிந்தார்கள். ஒருவர் டிவியையே தோளில் சுமந்து வந்துவிட்டார். "மெனு, அப்புறம் தேடு, அப்புறம் சரி," என்று சொல்லிச் சொல்லி சம்பந்தியின் தொண்டை கட்டிக்கொண்டது. இடையில் மகள் சேறு அப்பிய பூட்ஸோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவளின் சட்டைப்பையில், சற்றுமுன் உயிர்பெற்ற புது டவரின் புண்ணியத்தில், போன் மணியடித்தது. "எந்தப் பண்ணை? கட்டி வைங்க, வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறிப் போனாள். பெற்றவளுக்கு ஒரு கையசைப்பு மட்டும்தான் கிடைத்தது. கோபுரத்துக்கு அதுவே போதுமாயிருந்தது.

மத்தியானம் கூட்டம் கலைந்தபோது ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். ஆற்றங்கரைத் தெருவில் தன் அப்பாவுக்கு இன்னும் படம் வரவில்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், படுக்கையை விட்டு எழ முடியாதவர், டிவிதான் உலகம் என்றாள். இருவரும் போனார்கள். கோபுரம் புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். சம்பந்தி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து," என்று அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

"யாரோ ஃபில்டரைப் பூஸ்டருக்குப் பின்னாடி மாட்டி வச்சிருக்காங்க!" என்று மேலிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது: "வந்துடுச்சு! வந்துடுச்சு!"

உள்ளே போனால் முதியவர் தலையணையில் சாய்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தார் போலிருக்கிறது. அதற்குள் தொடரின் தலைப்புப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"உட்காருங்க ரெண்டு பேரும். இன்னிக்குத்தான் அந்தத் தம்பிக்காரன் உண்மையைச் சொல்லப்போறான்."

"இல்லங்க ஐயா, வேலை இருக்கு..." என்று இழுத்தார் சம்பந்தி.

"என்ன பெரிய வேலை? உட்காருங்க சொல்றேன்."

உட்கார்ந்தார்கள். சம்பந்தி குரலைத் தாழ்த்தி, "அந்தத் தம்பிக்காரன் என்ன பண்ணான்?" என்று கேட்டார். முதியவர் முதல் வாரத்திலிருந்து கதை சொல்லத் தொடங்கினார். கோபுரம் காலை நீட்டிக்கொண்டு, தெளிவான படத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.