ஏர்ஃபோர்ஸ் சார் சொன்னது

எந்த நாடு எந்த நாட்டோடு சண்டை போட்டாலும் சரி, சேலையூர் கேம்ப் ரோட்டு டீக்கடையில் அதற்குத் தீர்ப்புச் சொல்கிற பொறுப்பு ஞானையாவுடையது. யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை, அவராகவே எடுத்துக்கொண்டது. இருபத்தெட்டு வருஷம் விமானப்படையில் இருந்தவர், தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர். ஆகவே வானத்திலிருந்து விழக்கூடிய எதைப் பற்றியும் அவரைத்தான் கேட்க வேண்டும் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. பெயரே ‘ஏர்ஃபோர்ஸ் சார்’ என்று ஆகிவிட்டது. குடும்ப அட்டையில் இருக்கும் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனுஷன் வெளியே விட்டதில்லை. அந்த இருபத்தெட்டு வருஷமும் அவர் வேலை பார்த்தது துணிமணி ஸ்டோர்ஸில். கம்பளி, பூட்ஸ், சாக்ஸ், மழைக்கோட்டு. குண்டு என்று ஒன்றை அவர் பார்த்ததெல்லாம் குடியரசு தின அணிவகுப்பில்தான், அதுவும் டிவியில். இது அவருடைய மனைவி ரத்தினபாய்க்குத் தெரியும். புருஷனுடைய மானத்தைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகிறவள் இல்லை என்பதால் அவளும் வாயைத் திறந்ததில்லை.

அந்த டிசம்பரில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் அடித்துக்கொண்டிருந்தன. ஒருத்தர் தடை செய்யப்பட்ட கொத்துக்குண்டைப் போட்டார் என்றும், இன்னொருத்தர் கண்ணிவெடி புதைத்தார் என்றும் மாறி மாறிக் கையைக் காட்டினார்கள். ஞானையா காலையில் போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, பல் விளக்கி, டீக்கடைக்குப் போய்ப் பாடத்தை ஆரம்பித்தார்.

“ஒரு பெரிய குண்டுக்குள்ள நூத்துக்கணக்குல குட்டிக் குண்டு இருக்கும். மேலயே பிளந்து ஊர் முழுக்கச் சிதறும். அதான் கொத்துக்குண்டு.”

“அதுல வெடிக்காம கெடக்கறது இன்னா சார் ஆவும்?” என்று கேட்டார் டீ மாஸ்டர்.

வீடியோவில் இதற்குப் பதில் இருந்ததா என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் சுற்றி ஆறேழு பேர் கிளாஸைப் பிடித்துக்கொண்டு வாயைப் பார்க்கிறார்கள். அந்த மாதிரி நேரத்தில் தெரியாது என்று சொல்ல அவருக்கு வராது.

“அதுக்கும் ஆயுசு உண்டுல்ல? ஒரு நாள் ஆச்சுன்னா ஈரம் இறங்கிடும். அப்புறம் அது செத்த பாம்புதான்” என்றார்.

கடையோரம் பால் பாக்கெட் வாங்க நின்றிருந்த தனம் இதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். பின்சந்தில் குடியிருக்கிறவள். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகன் பிரசன்னா, பட்டம் வாங்கி இரண்டு வருஷம் சும்மா திரிந்துவிட்டு, டேட்டா என்ட்ரி வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி கம்போடியாவுக்குப் போனான். போன பிறகுதான் தெரிந்தது, வேலை ஆன்லைனில் ஊரை ஏமாற்றுகிற வேலை என்று. எல்லைக்குப் பக்கத்தில் முள்வேலி போட்ட கட்டடம், வாசலில் துப்பாக்கி, பிடுங்கி வைத்துக்கொண்ட பாஸ்போர்ட். எப்போதாவது ஒளித்து வைத்த போனில் அம்மாவிடம் பேசுவான். சண்டை ஆரம்பித்ததிலிருந்து தனம் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. “நான் இருக்கேன்ல, தனம். பயப்படாத” என்று அவளிடம் ஞானையா போன வாரம்தான் சொல்லியிருந்தார். என்ன செய்வதற்கு இருக்கிறார் என்று அவரும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் ரத்தினபாய் கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தனம் ஹாலுக்குள் ஓடிவந்தாள்.

“சார், பிரசன்னா வீடியோல கீறான். உங்களாண்ட பேசணுமாம். சீக்கிரம் சார்.”

போனில் பையனுடைய முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்துப் போயிருந்தது. பின்னால் வானமும் செடியும்தான் தெரிந்தன.

“அங்கிள், காவலுக்கு இருந்த ஆளுங்க ராத்திரியே ஓடிட்டானுங்க. கேட்டு தொறந்து கெடந்துச்சு. ரோட்டுல போனா சுடுவானுங்கன்னு நாங்க இந்த மரவள்ளித் தோட்டத்துல பூந்தோம்.” மூச்சு வாங்கிக்கொண்டான். “இங்க முந்தாநாளு குண்டு போட்டது எங்களுக்குத் தெரியும் அங்கிள். ஆனா ஒரு நாளு ஆயிட்டா வெடிக்காதுன்னு நீங்க சொன்னதா அம்மா மெசேஜ் போட்டுச்சு. ஏர்ஃபோர்ஸ் அங்கிளே சொல்லிட்டாருன்னு நான்தான் பசங்களாண்ட சொன்னேன்.”

சமையலறை வாசலில் ரத்தினபாய் முறுக்கு அச்சோடு நின்றாள்.

“யாருக்காவது ஏதாவது ஆச்சாப்பா?” என்று கேட்டார் ஞானையா.

“ஃபிரெடின்னு ஒரு மார்த்தாண்டம் பையன் அங்கிள், முன்னால போனான். அதோ கெடக்கறான். கூப்ட்டு கூப்ட்டுப் பாத்தேன், பேச மாட்றான். மத்தவனுங்க வந்த வழியே திரும்பிட்டானுங்க. நான் வெடிச்ச சத்தத்துல தெறிச்சு ஓடிட்டேன். எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தேன்னே தெர்ல.”

கேமராவைத் திருப்பினான். செம்மண், இடுப்பளவு செடிகள். செடிகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக டார்ச் லைட் பேட்டரி அளவில் என்னவோ கிடந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு வெள்ளை ரிப்பன். சில இடங்களில் ரிப்பன் மட்டும் தெரிந்தது. அவனுடைய வலது காலிலிருந்து ஒரு முழத்தில் ஒன்று கிடந்தது.

“இதான அங்கிள் அது?”

“அசையாத! நின்ன இடத்துல நில்லு!” என்று ஞானையா கத்தினார். அணிவகுப்பு மைதானத்துக் குரல், எங்கிருந்தோ வந்துவிட்டது. தனம் சட்டென்று நிம்மதியாகத் தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் தெரிந்தவர் கையில் எடுத்துவிட்டார்.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கென்று ஒரு உதவி எண் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ஞானையா தன் போனிலிருந்து அடித்தார். வெகுநேரம் போன் பாட்டுப் பாடிய பிறகு ஒரு பெண் எடுத்தாள். விமானப்படை அவருக்கு நிஜமாகவே கொடுத்த ஒரே சொத்தான இந்தியில், பையன் மாட்டியிருக்கும் இடத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். அந்தத் தோட்டத்தை ஒட்டிய ரோட்டுக்கு இந்தியர்களை ஏற்ற ஒரு வண்டி வந்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடும், மறுபடி வருமா என்று தெரியாது, பையனை ரோட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள் என்றாள்.

“தோட்டம் முழுக்கக் குண்டு கிடக்குதும்மா” என்றார் ஞானையா.

“அந்தப் பகுதியில் அந்த ஆயுதம் பயன்படுத்தப்பட்டது உறுதியாகவில்லை சார். இப்போதைக்குக் குற்றச்சாட்டுதான். உறுதியானால்தான் அகற்றுகிற ஆட்களை அனுப்பச் சொல்லிக் கேட்க முடியும்.”

“அவன் கண்ணால பாத்துக்கிட்டு நிக்கிறான்!”

“போட்டோ அனுப்புங்க சார். மேலே அனுப்புகிறேன்.” அந்தக் குரலில் அலட்சியம் இல்லை, அசதிதான் இருந்தது. அவளும்தான் என்ன செய்வாள்? இருக்கிறதா இல்லையா என்று பெரிய மனுஷர்கள் பேசி முடிக்கும்வரை, பிரசன்னாவின் காலடியில் கிடந்தது, அவர்கள் கணக்குப்படி அங்கே கிடக்கவில்லை. இந்த அயோக்கியத்தனத்துக்கு எந்த ஊரிலும் தண்டனை கிடையாது.

போட்டோவை அனுப்பினார்கள். அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

“ரோடு தெரியுது அங்கிள். வண்டியும் தெரியுது, ஆளுங்க ஏறிகினு கீறாங்க” என்றான் பிரசன்னா. “ரிப்பன் இல்லாத எடமா பாத்துப் பாத்துக் கால வச்சா போய்டலாம்ல? இல்ல, ரிப்பன் கீதுன்னாதான் வெடிச்சு முடிஞ்சதா? நீங்க சொல்லுங்க, நான் நடக்கறேன். சார்ஜ் வேற எறங்கிகினே போவுது.”

ரத்தினபாய் வந்து புருஷனுடைய கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள். எண்ணெய் அடுப்பில் புகைந்துகொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“ஏங்க, சொல்லிடுங்க. இது டீக்கடை இல்ல. ஒரு உசுரு.”

ஞானையா ஹாலுக்குத் திரும்பினார்.

“தனம், எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. நான் ஏர்ஃபோர்ஸ்ல குண்டு கிட்டயே போனதில்ல. ஸ்டோர்ஸ்ல கம்பளியும் பூட்ஸும் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தவன்.”

தனம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நேத்து சொன்னீங்களே சார், செத்த பாம்புன்னு?”

“சும்மா சொன்னேம்மா. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்.”

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவள் நகர்ந்து வந்து அவர் காலைத் தொட்டாள்.

“எம் புள்ளைக்கு எதுனா ஆயிட்டா பழி உங்க மேல வந்துடும்னு பயப்படறீங்க. எனக்குப் புரியுது சார். நான் உங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், சத்தியமா. தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. நடக்கட்டுமா, நிக்கட்டுமா? ஒண்ணு சொல்லுங்க சார்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷன் உண்மையைச் சொன்னார், அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பெற்றவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அந்தத் தெருவில், அந்த உலகத்தில், அவளுக்குப் பதில் சொல்லக்கூடியவர் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

“அங்கிள், வண்டி ஹாரன் அடிக்கறான்” என்றான் பிரசன்னா.

ஞானையா போனை வாங்கினார். நடக்கச் சொன்னால் அடுத்த அடியிலேயே முடிந்துவிடலாம். நிற்கச் சொன்னால் வண்டி போய்விடும், வெயில், தண்ணி கிடையாது, மறுபடி குண்டு போடலாம். திரையில் அவனுடைய காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு, அதிலும் ஒன்றுதான் இருந்தது. இன்னொரு கால் வெறும் கால்.

“நில்லு தம்பி. அசையாம நில்லு. ஆளு வருவாங்க.”

“வருவாங்களா அங்கிள்?”

“வருவாங்க.”

“சரி அங்கிள்.”

தனம் எட்டிப் போனைப் பார்த்து, “சார் சொன்ன மாரியே நில்லு கண்ணு” என்றாள். அவன் தலையாட்டியது தெரிந்தது. தூரத்தில் ஒரு வண்டி கியர் மாற்றிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு திரை கறுத்தது. திரும்ப அடித்தால் ஒரு குரல் புரியாத பாஷையில் என்னவோ சொன்னது, போன் அணைந்துவிட்டது என்பதாக இருக்கும்.

அதற்கு மேல் ஞானையாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. உதவி எண்ணுக்கு அடித்துக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார். பாட்டு மட்டும் பாடியது. உண்மையிலேயே குண்டுப் பிரிவில் இருந்த பழைய சிநேகிதர் தட்சிணாமூர்த்திக்கு அடித்தார். மகன் எடுத்து, அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருக்கிறார் என்றான். கால் தானாக விமானப்படைத் தளத்து வாசலுக்குக் கொண்டுபோய் விட்டது. காவலுக்கு நின்ற இளைஞனிடம் ஓய்வு பெற்ற அடையாள அட்டையை நீட்டி, இந்தியில் கொட்டித் தீர்த்தார். வடக்கத்திப் பையன். மரியாதையாகக் கேட்டான், தண்ணீர்கூடக் கொடுத்தான்.

“அங்கிள்ஜி, அது வேற நாடு. இங்கேருந்து நாங்க என்ன செய்ய முடியும்?” என்றான்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. உள்ளே பயிற்சி விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் டீ மாஸ்டர், “சார், இன்னைக்கு நியூஸ் பாத்தீங்களா? ஏதோ சமாதானம் பேசறாங்களாமே?” என்று கூப்பிட்டார். ஞானையா காது கேட்காதவர் மாதிரி கடந்து போனார்.

வீட்டில் தனம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். ரத்தினபாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகில் கை வைத்து முணுமுணுவென்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். டிவியில் கோட்டு போட்ட நாலு பேர், கொத்துக்குண்டு போட்டதற்கு ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். ஞானையா ரிமோட்டைத் தேடி எடுத்து அணைத்தார்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அங்கே நமக்கு முன்னாலேயே இருட்டிவிடும். இந்நேரம் தோட்டத்தில் ரிப்பன் எது, இலை எது என்று தெரியாது. தனத்துக்கு அது தெரியுமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் சொல்லவில்லை.

“சார்” என்றாள் தனம், தலையைத் தூக்காமல்.

“சொல்லும்மா.”

“அவன நிக்கச் சொன்னோம்.”

“ஆமாம்மா.”

“உக்காரலாம்னு சொல்லவே இல்லியே சார். நான் கூட நில்லு கண்ணுன்னுதான் சொன்னேன். அவன் சொன்ன பேச்சு தட்டாத புள்ள. நின்னுகினேதான் இருப்பான்.” இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “கால் வலிச்சு அவனா உக்காந்துட்டா, ஒண்ணும் ஆவாதில்ல சார்?”

“ஆவாதும்மா” என்றார் ஞானையா.

அதுவும் அவருக்குத் தெரியாது.