பெட்டி வாசிக்கும் மன்றாட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம், பெங்களூரில் லிங்கராஜபுரம் போகும் பஸ்ஸில், இந்தக் கதை எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது. ஒரு பெண் தமிழ்ப் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பாதிச் சொல்லில் பக்கத்திலிருந்த புருஷன் மீதியைச் சொல்லிவிட்டார். அவரைப் பார்த்தாளே ஒரு பார்வை! அது மட்டும்தான் நிஜம். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'தமிழச்சியாகப் பிறந்தும் தமிழ் படிக்கத் தெரியாத அவமானம் பெட்டியை வாட்டி...'

வேண்டாம், அடித்துவிட்டேன். (பெட்டி என்றால் டிரங்குப் பெட்டி இல்லை, ஞானஸ்நானப் பெயர்.) அவள் அப்படி அழுது வடிகிற ஆள் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். இந்த ஊரில் அது சகஜம். கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். முப்பத்தெட்டு வயசில் அரிச்சுவடி வாங்கியது தங்கை கல்யாணத்துக்காக. "பூசையில மன்றாட்டு நீதான் அக்கா படிக்கணும்" என்று அவள் கேட்க, இவள் யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள். (மன்றாட்டு: எல்லார் சார்பிலும் ஒருவர் வாசிக்கும் வேண்டுதல்.)

3

புருஷன் ரெமிஜியஸை முதலில் கெட்டவனாகத்தான் எழுதினேன். சரிப்படவில்லை. தங்கமான மனுஷன். வேலூர்க்காரர், தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெண்டாட்டி திணறினால் தாங்கமாட்டார், சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

"எதுக்கும்மா கஷ்டம்? கன்னட எழுத்துல எழுதி வச்சுக்கோ. கேக்குறவங்களுக்குத் தமிழாத்தான் கேக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"தப்பு வந்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கார்மெண்ட்ஸ்ல புதுப் பொண்ணு கோணலா தைச்சா, பிரிச்சுட்டு மறுபடி தைன்றேன். நானே தைச்சுக் குடுத்தா அவ எப்பங்க கத்துக்குவா? எனக்கும் ஸ்வல்ப டைம் குடுங்க."

வீறாப்பாகச் சொன்னாளே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். பாவம், கன்னட எழுத்தில் எழுதிய காகிதத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

4

முடிவு அ: கடகடவென்று வாசித்து அசத்துகிறாள். சுத்தப் பொய், எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு ஆ: பயந்துபோய்க் கன்னடக் காகிதத்தை எடுக்கிறாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எத்தனையோ பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். இதையே வைத்துக்கொள்ளலாம் என்று நான் உட்கார்ந்தால், அவள் பையைப் புருஷன் மடியில் வைத்துவிட்டு எழுந்து

போயே போய்விட்டாள்! என்னைக் கேட்கவே இல்லை.

5

மைக் முன்னால் நிற்கிறாள். கையில் தமிழ்க் காகிதம்.

"மணமக்கள் இருவரும்..." நன்றாக வந்தது. "இன்பத்திலும் து... துன்பத்திலும்..."

யாரோ இருமுகிறார்கள். மணப்பெண் திரும்பிப் பார்க்கிறாள்.

"ஒரு... ஒருவ..."

நின்றுவிட்டாள். பாழாய்ப்போன சொல், முடிவேனா என்று நீள்கிறது. ரெமிஜியஸுக்கு உதடு துடிக்கிறது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார். எத்தனை பிரியம் இருந்தால் அந்த மனுஷனால் இது முடியும்! நானும் பேனாவை மூடிவிட்டேன். உங்களுக்கு அந்தச் சொல் எப்போதோ தெரிந்துவிட்டது, புரிகிறது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவசரம் ஒன்றுமில்லை. அவள் விரல் அடுத்த எழுத்துக்குப் போகிறது.

"ஒருவருக்கொ..."